பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவத்துப் பெண்கள் அவனைப் பார்த்து மயங்குகிறார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் வயதுக் கணக்கில் தமக்குள் கொஞ்சம் வேறுபட்டாலும், பேதையை ஐந்தில் தொடங்கிப் பேரிளம்பெண்ணை நாற்பதில் நிறுத்துவதுதான் வகுப்பறைகளில் வழங்கிவரும் கணக்கு. இருபத்திரண்டு வருஷங்களாக நானும் அதைத்தான் கரும்பலகையில் எழுதிப்போட்டு வருகிறேன். ஆணுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். இதில் கவனிக்க வேண்டியது கடைசிப் பெயரை. விடலை முப்பதில் முடிகிறான். அதற்கு மேற்பட்டவன் எல்லாம் முதுமகன். மேல் எல்லை என்று ஒன்று கிடையாது. சாகும்வரை அவன் பட்டியலுக்குள் இருக்கிறான். பெண்ணுக்கு நாற்பதில் கதவு சாத்தப்படுகிறது. நாற்பத்தொன்றாம் வயதில் அவளுக்குத் தமிழில் பெயர் இல்லை.

வீதியில் போகிறவனின் கண்ணில் படும்வரைதான் எண்ணிக்கை என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். வாஸ்தவம்தான். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. நம் மரபில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் இல்லாமல் போய்விடவில்லை. இருக்கிறார்கள், அதுவும் பெரிய ஆளுமைகளாகவே இருக்கிறார்கள். அவர்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் கேள்வி. சங்க கால ஔவை வேறு, நீதிநூல் ஔவை வேறு என்பதெல்லாம் ஆராய்ச்சி. ஜனங்களின் மனதில் இருக்கும் ஔவை ஒருத்திதான்: கல்யாணத்துக்கு நெருக்கப்பட்டு, பிள்ளையாரிடம் வேண்டி, ஒரே கணத்தில் கிழவியாகிவிட்டவள். 1953-ல் வந்த ஜெமினி படமும் அதை அப்படியேதான் காட்டியது. காரைக்கால் அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கணவன் காலில் விழுந்த அந்த இடத்திலேயே, அவனுக்காகச் சுமந்த தசை வேண்டாம் என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்கிறார். வற்றிய மார்பையும் எழுந்த நரம்பையும் கண் கூசாமல் எழுதிய தமிழ்க் கவி அவர்; ஆனால் அது பேயின் உடம்பு, இருக்கும் இடம் சுடுகாடு. ஒருத்தி ஒரே தாவலில் கிழவி. இன்னொருத்தி ஒரே தாவலில் பேய். நடுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிடக்கிறதே, அதைக் கால்நடையாக நடந்து கடந்தவள் என்று ஒருத்திகூட இல்லை.

நவீன இலக்கியம் இதைச் சரிசெய்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 'அம்மா வந்தாள்' அலங்காரத்தை நினைத்துப் பார்க்கிறேன். அவளுடைய கம்பீரத்தை வெளியிலிருந்து பார்த்துப் பிரமிக்கும் கண் அந்த நாவலில் இருக்கிறது. கடைசியில் அவள் காசிக்குப் போகிறாள். பாவம், பிராயச்சித்தம், மகன், கணவன் எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு இருக்கிறது. அந்த வயதில் அந்த உடம்புக்குள் இருப்பது எப்படியிருந்தது என்பதற்கு மட்டும் இல்லை. (இதை ஜானகிராமன் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் செய்ததே யாரும் செய்யத் துணியாதது.)

எனக்கு நாற்பத்தாறு வயதில் முதலில் போனது தூக்கம். இரவு மூன்று மணிக்கு, யாரோ தோளைத் தொட்டு எழுப்பியது போல விழிப்பு வரும். அடுத்த நிமிஷம் மார்பின் நடுவிலிருந்து ஒரு சூடு கிளம்பும். இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே ஆவி, அது போல, ஆனால் உள்ளேயிருந்து. கழுத்து, காது, உச்சி மண்டை. மூன்று நான்கு நிமிஷம்தான். பிறகு நைட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டு குளிரும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பிறகு தூக்கம் இல்லை. திருநெல்வேலி வெயிலில் வேர்ப்பதை யார் ஒரு நோய்க்குறியாக எடுத்துக்கொள்வார்கள்? அப்புறம் முழங்கால். படி ஏறுவதைவிட இறங்குவதில் வலி. அப்புறம் மாதவிடாய். வராவிட்டால் இரண்டு மாதம் வராது. வந்தால் எட்டு நாள், பத்து நாள், கட்டி கட்டியாக. பஸ்ஸில் ஸீட்டைவிட்டு எழுந்ததும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் வழக்கம், பதினாலு வயதில் இருந்தது, மறுபடி வந்துசேர்ந்தது.

இவற்றையெல்லாம் சகித்துக்கொண்டேன். சகிக்க முடியாமல் போனது சொற்கள் காணாமல் போனதைத்தான். ஒரு நாள் நாலாம் பீரியடில் இலக்கண வகுப்பு. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது. விளக்கம் இருக்கிறது. உதாரணங்கள் இருக்கின்றன. பொருளாகு, இடவாகு என்று வகைகளின் முன்பாதி வரிசையாக நிற்கிறது. 'ஆகுபெயர்' என்ற பெயர் மட்டும் வரவில்லை. சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் நின்றேன். முன் பெஞ்சில் ஒரு பெண் மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். பின்னால் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதி, பையில் வைத்துக்கொண்டு நாலு மாதம் அலைந்தேன். சொற்களால் பிழைக்கிறவளுக்குச் சொல் போவது என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. மூளையில்தான் ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

முழங்காலுக்கு எலும்பு டாக்டர். படபடப்புக்கு இருதய டாக்டர்; ஈ.ஸி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்றார். (எடுத்தது நல்லதுதான். பெண்ணின் நெஞ்சுவலியை மனசு என்று தள்ளிவிடுவதும் நடக்கிறதுதானே.) தூக்கத்துக்கு ஒருவர் ராத்திரி மாத்திரை எழுதிக்கொடுத்து, 'மனச அலையவிடாதீங்க, கோயிலுக்குப் போங்க' என்றார். உடம்பு துண்டு துண்டாகப் பல வரிசைகளில் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றது. எல்லாத் துண்டையும் சேர்த்து வைத்து, இது ஒரே விஷயம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லுவதற்கு ஒரு சொல்லும் இல்லை.

இந்த இடத்தில்தான் பாஷையின் பிரச்சினை வருகிறது. பதின்மூன்று வயதில் எனக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர், உளுந்தங்களி, பச்சை முட்டை, நல்லெண்ணெய், பந்தல் போட்டு ஒலிபெருக்கி. என் உடம்பில் ஒன்று தொடங்கியிருப்பதை ஊருக்கே அறிவித்தார்கள். வயதுக்கு வருவது, ஆளாவது, சமைவது, பெரிய மனுஷியாவது, பூப்பெய்துவது என்று அதற்குத்தான் எத்தனை வார்த்தை. முடிவதற்கு? 'நின்னுட்டு' என்ற ஒரு வினைமுற்று. எழுவாய்கூடக் கிடையாது. நிற்பதற்கு முந்தைய வருஷங்களுக்கு அதுவும் இல்லை. நாள் தள்ளிப்போனால் தமிழில் அதற்கு ஒரே அர்த்தம்தான். 'குளிக்கவில்லை' என்றாலும் அதே அர்த்தம்தான். நாற்பத்தாறு வயதில் நாள் தள்ளிப்போகிறவளுக்கு மொழி தயாராக வைத்திருப்பது கர்ப்பம் என்கிற கேலி ஒன்றுதான்.

அரசாங்கத் தமிழ் 'மாதவிடாய் நிறுத்தம்' என்கிறது. பஸ் நிறுத்தம் போல. பெண்கள் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கங்களில் இப்போது 'மாதவிடாய் நிறைவு' என்று எழுதுகிறார்கள். நிறைவு விழா, நிறைவுரை, நன்றியுரை. அசட்டுத்தனம். நாசூக்கு என்ற பெயரில் அனுபவத்தின் மேல் பன்னீர் தெளிப்பது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லும் ஒன்றும் பெண்கள் செய்ததில்லை. கார்டான் என்ற பிரெஞ்சு டாக்டர் 1816-ல் ஒரு வடிவமாகவும் 1821-ல் இன்றைய வடிவமாகவும் அதைக் கட்டினார். மாதம், நிற்றல் என்ற கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தது. ஆனாலும் ஒரு கைப்பிடி கிடைத்தது. பாத்திரம் யார் செய்தது என்றாலும் கைப்பிடி இருந்தால் தூக்கலாம்.

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது மதினியிடம் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

'உங்களுக்கு எப்ப மதினி நின்னுது?'

'எது?'

'அதுதான்.'

'அதுவா. ஆச்சு ஏழெட்டு வருசம். விட்டது சனியன்னு இருந்துது. ஏளா, உனக்கு நின்னுட்டா?'

'இன்னும் இல்ல. நிக்கதுக்கு முன்னால உங்களுக்கு எப்படி இருந்துது?'

வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

'மூணு வருசம் ராத்திரி ஒறங்கல. ஒடம்பெல்லாம் காந்தும். எந்திரிச்சுப் போயி கெணத்தடியில உக்காந்திருப்பேன். பேய் கீய் அண்டியிருக்கும்னு உங்க அண்ணன் மந்திரிச்சுக் கயிறு கெட்டிவிட்டாவ.'

'டாக்டர்ட்டப் போகலையா?'

'போயி என்னன்னு சொல்ல?'

இவ்வளவுதான் பேச்சு. முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. ஆனால் 'காந்தும்' என்று அவர் சொன்ன மாத்திரத்தில், நான் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்த வினைச்சொல் எங்கள் வீட்டு அடுக்களையிலேயே கிடந்திருப்பது தெரிந்தது. அடிப்பிடித்த பால் காந்தும், மிளகாய் பட்ட கை காந்தும், இதுவும் காந்தும்.

மார்கரெட் லாக் என்ற மானுடவியலாளர் ஜப்பானியப் பெண்களைக் கேட்டு 1993-ல் ஒரு புத்தகம் எழுதினார். அங்கே இந்தப் பருவத்துக்குக் 'கோநென்கி' என்று பெயர். ஆனால் இந்த உள்சூட்டுக்கு மட்டுமே உரிய ஒரு தனிச்சொல் அவர்களிடம் இல்லை என்பதையும், அமெரிக்கப் பெண்களைவிட அவர்கள் இதைக் குறைவாகச் சொன்னார்கள், தோள் இறுக்கத்தையும் தலைவலியையும் கூடுதலாகச் சொன்னார்கள் என்பதையும் அவர் கவனித்தார். உடம்புக்கே ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டா, சொல் இல்லாததால் சொல்லவில்லையா என்று அதை ஒரு வரியில் முடித்துவிட முடியாது. இரண்டும் கலந்தே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் 1975-ல் மார்ஷா ஃப்ளின்ட் ராஜபுத்திரப் பெண்களைப் பற்றி எழுதியதை என்னால் அவ்வளவு சாந்தமாக வாசிக்க முடியவில்லை. மாதவிடாய் நின்றதும் அவர்கள் முக்காட்டுக்கு வெளியே வந்து ஆண்களோடு உட்கார்ந்து பேசலாம். அது அவர்களுக்கு வெகுமதி. ஆகவே தொந்தரவுகள் அதிகம் இல்லை என்பது அவர் வாதத்தின் போக்கு. நம்மூர் டாக்டர்களும் மாமியார்களும் 'நம்ம பொம்பளைங்களுக்கு அதெல்லாம் கெடையாது' என்று சொல்வதன் கௌரவமான வடிவம் இது. விடுதலை கிடைப்பது நிஜமாக இருக்கலாம். ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக் கிடப்பதும் நிஜமாக இருக்கலாம். ஒன்று இன்னொன்றை ரத்து செய்யாது. என் மதினியைக் கேட்டாலும் முதல் பதில் 'விட்டது சனியன்' தான். இரண்டாவது கேள்வி கேட்டபிறகுதான் கிணற்றடி வந்தது.

உதிரப்போக்கு அதிகமானபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனில் சின்னதாக ஒரு நார்க்கட்டி. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார்.

'ரெண்டு பிள்ளை இருக்குல்ல? இனி கர்ப்பப்பை எதுக்கு? எடுத்துட்டா கேன்சர் பயமும் இல்ல. ஓவரியையும் சேர்த்தே எடுத்துடலாம். இன்சூரன்ஸ் இருக்கா?'

கேள்விகள் இந்த வரிசையில்தான் வந்தன. அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். நான்கு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. காந்தலைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ நான் வாயைத் திறக்க இடமிருக்கவில்லை.

வியாழக்கிழமை நான் போகாமல் இருந்ததற்குக் காரணம் புத்தகப் படிப்பு அல்ல. எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். ஆபரேஷன் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கை தன்பாட்டில் இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கச் சொன்னாள்:

'எனக்கு முப்பத்தஞ்சுல எடுத்துட்டாவ டீச்சர். வயிறு வலிக்குன்னுதான் போனேன். ரெண்டு பக்கமும் இருக்கதையும் சேத்து எடுத்துருக்குன்னு சீட்டுல எழுதியிருக்காம், எனக்கு அப்ப தெரியாது. ஆஸ்பத்திரிய விட்டு வந்த வாரத்துலேருந்து இந்தக் காந்தல். ஆயிரம் பீடி சுத்துனாத்தான கணக்கு? கை வேர்த்துத் தூள் நனைஞ்சிருது. கழிச்சுக் கட்டிருதாவ.'

சினைப்பைகளை எடுத்துவிட்டால் இயற்கை நாலைந்து வருஷத்தில் தட்டுத்தடுமாறிச் செய்வதை உடம்பு ஒரே ராத்திரியில் செய்தாக வேண்டும். எலும்புத் தேய்மானமும் இருதய ஆபத்தும் முந்திக்கொண்டு வருகின்றன. ஔவையின் ஒரே கணக் கிழமை புராணமாக இருந்தால் அழகு. தேசியக் குடும்பநல ஆய்வு 2015-16-ல் முதல்முறையாக இதைக் கேட்டுக் கணக்கெடுத்தது: பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திரத்தில் 8.9. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் மாதத்தில் ஒரு நாளும் கூலி இழக்கக்கூடாது என்பதற்காகவே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் வெளிவந்தது. புற்று இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். வேறு எதற்கும் கட்டுப்படாத உதிரப்போக்குக்கும் வேண்டியிருக்கலாம். நான் சொல்வது அதையல்ல. நான்கு நிமிஷத்தை.

அரசு ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர். கூட்டத்துக்கு நடுவில், நின்றுகொண்டே, அவர் கேட்ட முதல் கேள்வி 'ராத்திரி தூங்குறீங்களா?' நான் முழங்காலைச் சொன்னேன், ஆகுபெயரைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கர்ப்பப்பையின் உள்தோலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நாற்பத்தைந்துக்கு மேல் இப்படிப் போக்கு இருந்தால் அதைப் பார்க்காமல் எதுவும் பேசக்கூடாது என்றார். அதில் கெடுதல் இல்லை. தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 7.9. பாதிச் சோர்வுக்கு அதுவே போதுமாம். ஹார்மோன் அளவு பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். 'இந்த வயசுல அது தேவையில்ல. இன்னைக்கு ஒரு எண் வரும், அடுத்த வாரம் வேற எண் வரும். நீங்க சொல்றதுதான் டெஸ்ட். ஒரு மாசம் எழுதிட்டு வாங்க' என்றார்.

எழுதினேன். நாற்பது பக்க நோட்டு. சில வரிகள்:

செவ்வாய். 3.10. முதுகிலிருந்து கழுத்துக்கு. விசிறி ஐந்தில். நாலு நிமிஷம். பிறகு குளிர். பால்காரர் வரும்வரை விழிப்பு.

வெள்ளி. நாலாம் பீரியட். 'வேற்றுமைத்தொகை' தாமதமாக வந்தது. வேர்வை இல்லை. பயம் மட்டும்.

ஞாயிறு. உதிரம் ஆறாம் நாள். நாப்கின் ஒன்பது. இரண்டு கட்டி, நெல்லிக்காய் அளவு.

திங்கள். காரணமில்லாமல் அழுகை. காரணம் இருந்திருக்கலாம்.

இருபது வருஷமாகக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். கலப்படமில்லாத உரைநடை என்று நான் எழுதியது இந்த நோட்டில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரையும் கவர வேண்டாம். ஒருவருக்குத் துல்லியமாகத் தெரிந்தால் போதும். மாத முடிவில் டாக்டர் அதை வரிவரியாக வாசித்தார். வாசிக்கப்படுவதன் ஆறுதல் மருந்துச் சீட்டுக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சினைமுட்டைகளின் இருப்பு தீர்ந்துகொண்டு வரும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் ஒழுங்காகப் படியிறங்குவதில்லை. தீரப்போகும் விளக்கு மாதிரி ஒரு நாள் சுடர்விட்டு எரியும், ஒரு நாள் மங்கும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல் இருக்கிறது. சாதாரணமாக அது கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரஜன் ஆட்டம் காணும்போது பக்கத்திலிருக்கும் நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் போய், அந்தப் பொறுமையின் இடைவெளி குறுகிவிடுகிறது. அற்பச் சூட்டுக்கும் வீடு பற்றிக்கொண்டதாக நினைத்துத் தோலுக்கு ரத்தத்தை அனுப்பி, வேர்வையைத் திறந்துவிடுகிறது. காந்தல் இதுதான். அமெரிக்காவில் வருஷக்கணக்காகப் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று, இது நீடிக்கும் காலத்தின் நடுமதிப்பு 7.4 வருஷம் என்று 2015-ல் சொன்னது. மதினியின் மூன்று வருஷம் குறைவுதான். சொல் தடுமாறுவது தூக்கமின்மையாலும் இதே ஆட்டத்தாலும். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், புத்தி மழுங்கும் நோய் அல்ல என்றார். விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை அன்று இரவு கிழித்துப் போட்டேன்.

ஹார்மோன் மாத்திரைகளின் சரித்திரம் தனியாக எழுத வேண்டிய கதை. 1942-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிரபலமான மருந்து சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், பெண் என்றென்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்று புத்தகம் எழுதி அதை அமோகமாக விற்க உதவினார். மருந்து கம்பெனிகளின் பணம் அவருக்குப் போனது பிறகு தெரியவந்தது. உலாத் தலைவனின் கண்தான் இதுவும், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு. 2002-ல் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று, மார்புப் புற்றும் ரத்தக்கட்டும் கூடுகிறதென்று பாதியில் நிறுத்தப்பட்டது. உலகம் முழுக்கப் பயம். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. அறுபதுக்குள், அல்லது நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்பது பின்னால் வந்த நிதானம். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அட்டையிலிருந்த கறுப்புக்கட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. மிகையாகப் புகழ்வது, மிகையாகப் பயப்படுவது. நடுவில் நிற்க மருத்துவத்துக்கும் சொல் இருக்கவில்லை போலும்.

எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பின் காலில் ரத்தம் உறைந்தது உண்டு. அதனால் அந்த மாத்திரை வேண்டாம் என்று டாக்டரும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம். இரும்புச் சத்து, போக்கு அதிகமான நாட்களுக்கு மட்டும் ஒரு மாத்திரை, காந்தலுக்கு மனச்சோர்வு மருந்துகளின் வகையைச் சேர்ந்த ஒன்று, மிகக் குறைந்த அளவில். இந்தக் கடைசிச் சீட்டைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு வாரம் மௌனம். 'பைத்தியத்துக்குக் கொடுக்கறதுல்லா?' என்றார் என் கணவர். நோட்டை அவர் கையில் கொடுத்தேன். வாசித்தார். அடுத்த நாள் ராத்திரி மூன்று மணிக்கு, நான் எழுந்து உட்கார்ந்தபோது, பேசாமல் விசிறியைக் கூட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் நான் எதற்கோ கத்தியபோது, 'இதுவும் அதுதானா?' என்று கேட்டார்.

'அத்தான், என் கோவத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. எல்லாக் கோவத்துக்கும் இல்ல' என்றேன்.

இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். பெயர் கிடைத்ததும் எல்லாவற்றையும் அந்தப் பெயரில் எழுதிவைத்துவிடுவார்கள்.

கல்லூரியில் மாடி வகுப்புகளைக் கீழே மாற்றித்தரக் கேட்டேன். துறைத்தலைவர் என்னைவிட இளையவர். காரணத்தை நான் தமிழில் சொல்லத் தொடங்கியதும், மேசைமேல் இருந்த கால அட்டவணையை இழுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டார். வெட்கத்தின் வேகத்தில் அனுமதி கிடைத்தது. பெண் ஆசிரியர்கள் அறையில் ஐந்து பேர் நாற்பத்துமூன்றுக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில் இருக்கிறோம் என்பது அதன்பிறகுதான் கணக்கில் வந்தது. ஒருத்திக்கு மூத்திரம் அடக்க முடியவில்லை. ஒருத்திக்குத் தாம்பத்தியத்தில் எரிச்சல். அதற்குத் தடவுகிற மருந்து உண்டு, ரத்தத்தில் அதிகம் கலக்காது என்பது தெரியாமல் நாலு வருஷம் கணவனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். பௌதிக ஆசிரியை என் ஹைப்போதலாமஸ் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, 'கெட்டுப்போன தெர்மோஸ்டாட், அவ்வளவுதான?' என்றாள். சங்கம் எதுவும் தொடங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொள்கிறோம். பீடி சுற்றும் பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவளிடம் நோட்டு இல்லை. என்றைக்கு எத்தனை பீடி கழித்தார்கள் என்ற கம்பெனிப் பாஸ்புத்தகத்தைக் காட்டினாள். டாக்டர் அதைத்தான் வாசித்தார்.

கடைசி உதிரம் எது என்பது அன்றைக்குத் தெரியாது. பன்னிரண்டு மாதம் முழுசாக வராமல் இருந்தால்தான், பின்னோக்கிப் பார்த்து, அதுதான் கடைசி என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வரச்சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்கு இப்போது ஐம்பது. போன வருஷம் பதினோரு மாதம் வரை வந்துவிட்டேன். மதினி போனில் ஒவ்வொரு மாதமும் கேட்பார். பதினோராவது மாதக் கடைசியில், விடைத்தாள் திருத்தும் முகாமில், மத்தியானம் வந்துவிட்டது. 'போ, மொதல்லேருந்து எண்ணு' என்றார் மதினி. எண்ணிக்கொண்டிருக்கிறேன். இது நாலாவது மாதம்.